கறி தொடாதவர் போட்ட கோடு

ஓசூர் முழுக்கத் தேடினாலும் ஆட்டுக்கறியை நெருப்பில் வாட்டுவதற்கு அவரை மிஞ்சிய ஆள் கிடையாது. அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு துண்டு கறியை வாயில் வைத்ததில்லை. கேக் கொடுத்தால்கூட முட்டை உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் தொடுவார். காரணம் கேட்டால் "புடிக்காது" என்பார். அதற்கு மேல் தத்துவம் எதுவும் கிடையாது. ஆனால் வாட்டிய சாப்ஸ் ஒன்றைத் தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சட்டைப்பையிலிருந்து ஆறு அங்குல இரும்பு ஸ்கேலை எடுத்து, கறிமேல் விழுந்திருக்கும் கருப்புக் கோடுகளின் இடைவெளியை அளந்து, "லெஃப்ட் சைடு ஒரு மில்லி ஜாஸ்தி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவருக்குப் பெயர் பர்னஸ், அதாவது உலை. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. கம்பெனியில் அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தியதில்லை. வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை அது. அதில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மறுபடி மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்தும் பிரிவு அவருடைய ராஜ்யம். தர்மபுரிப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, சூட்டில் வெந்த முகம், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் தெற்கேயிருந்து பஸ் ஏறி வந்து அங்கே பிளானிங் பிரிவில் சேர்ந்தேன். எந்த லோடு எப்போது பர்னஸுக்குள் போக வேண்டும் என்று தாளில் எழுதுவது என் வேலை. அந்தத் தாளைப் படித்துச் சிரிப்பது அவர் வேலை. சேர்ந்த புதிதில், அவசரமான லோடு ஒன்று வந்திருக்கிறது, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டேன்.

"தம்பி, எண்ணெயில வடையப் போட்டாச்சி. பாதி வெந்திருக்கு. நீ வெளிய வா, மொதல்ல போண்டா போவட்டும்னு சொல்லுவீங்களா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் ஒரு லோடைக்கூட அவர் பாதியில் நிறுத்தியதில்லை. தன் ஃபைலில் ஒரு மெமோகூடக் கிடையாது என்பதை வாரத்துக்கு இரண்டு முறை சொல்வார். பெரிய முதலாளியே குளிர்காலத்தில் வந்து சூட்டுக்காகக் கதவருகே நின்றபோது, மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்கிறீர்கள் என்று பின்னால் தள்ளியவர். இதையும் அவர்தான் சொன்னார். முதலாளியிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளும் தைரியம் எனக்கு இல்லை.

கேன்டீன் ஸ்டெல்லாக்காவுக்கும் அவருக்கும் நிரந்தரச் சண்டை. ஸ்டெல்லாக்கா கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். புருஷன் போன பிறகு கேன்டீனைக் கான்ட்ராக்ட் எடுத்து, சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து எட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு நடத்தினார். ஒருநாள் பர்னஸ் இட்லி ஒன்றை டெஸ்ட் லேபுக்குக் கொண்டுபோய், இரும்பின் கடினத்தை அளக்கும் மெஷினில் வைத்து, ரிப்போர்ட்டைக் கூப்பன் ஜன்னலில் ஒட்டிவிட்டார். ஸ்டெல்லாக்கா அதைப் பொறுமையாகப் படித்தார்.

"மெஷின் சொல்லிச்சி, சரிண்ணா. அது சட்னி தொட்டுச் சாப்ட்டுச்சா?" என்று கேட்டார்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் புது மெஷின்களை நிறுவ வந்து, ஒரு வருஷம் தங்கி, வேலை முடிந்து ஊருக்குப் போனார். போகும்போது தன் வீட்டிலிருந்த அடுப்பு ஒன்றைக் கம்பெனிக்கு அன்பளிப்பாக விட்டுப் போனார். பார்ப்பதற்குக் காலும் சக்கரமும் முளைத்த தார் டிரம் மாதிரி இருக்கும். பக்கவாட்டில் ஒரு பெட்டி. அதில் கோழித் தீவனம் போலிருக்கும் மரத்தூள் குச்சிகளைக் கொட்ட வேண்டும். உள்ளே திருகுக் கம்பி ஒன்று சுற்றிச் சுற்றி அவற்றைத் தள்ளும், சின்னக் கிண்ணத்தில் அவை எரியும், விசிறி ஊதும், கறி மணிக்கணக்கில் புகையிலேயே வேகும். ஸ்டோர்ஸ்காரர்கள் அதை "ஸ்டவ், பெரியது, ஒன்று" என்று எழுதிக் கேன்டீன் பின்பக்கம் தள்ளிவிட்டார்கள். அதனுடன் வந்த கனமான இரும்புத் தட்டுகளைச் செக்யூரிட்டிகள் வாசலில் போட்டு பூட்ஸ் சேற்றைத் துடைத்துக்கொண்டார்கள்.

பர்னஸ் கண்ணில் அது பட்டதும் விதி நிர்ணயமானது. தன் வீட்டில் சாதம் வைக்க எந்தப் பாத்திரம் என்று தெரியாத மனிதர், இதற்கு முன்னால் உட்கார்ந்து மூன்று மதிய இடைவேளைகளைக் கழித்தார். நாலாவது நாள் மின்சாரத்தில் சொருகினார். அது அமெரிக்க வோல்டேஜுக்குச் செய்தது, இன்ஜினியர் வீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டியிருக்கிறார். டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் நாற்றம். மனிதர் அசரவில்லை. வெந்துபோன கன்ட்ரோலரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தன் பிரிவில் கழித்துப்போட்ட, சிவப்பு எண்கள் மின்னும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரைப் பொருத்தினார். உள்ளே இருந்த சூடு வெளியே எண்ணாகத் தெரிந்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

அடுத்தது எரிபொருள். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் பாய்லர்களுக்குக் குச்சி அழுத்திக் கொடுக்கும் ஒருவரிடம் மூட்டை வாங்கி வந்தார். அது தைலமரத் தூள். முதல் கோழியைச் சாப்பிட்ட எங்கள் எல்லோருக்கும் மூக்கடைப்பு நீங்கியது. அப்புறம் கிருஷ்ணகிரி மரவாடி ஒன்றில் மாமரத்தூளாகப் பார்த்துச் சேகரித்து, அதே ஆளிடம் கொடுத்து அழுத்தி வாங்கினார். மாம்பழம் விளையும் ஊரில் மாமரத்தின் தூளுக்காக ஒரு மனிதர் அலைவதைப் பார்த்து மரவாடிக்காரர் ஏதோ வைத்தியத்துக்கு என்று நினைத்துக்கொண்டாராம்.

புகையில் கறி அருமையாக வெந்தது. ஆனால் வெளுத்துப்போய், குளித்துவிட்டு வந்தது மாதிரி இருந்தது. மேல்பக்கம் முறுகவே இல்லை. அந்த அடுப்பு மெதுவாக வேகவைக்கத்தான் லாயக்கு, சுள்ளென்று சுடுவதற்கு அதில் சூடு போதாது. அப்போதுதான் பர்னஸுக்கு வாசலில் கிடந்த பூட்ஸ் தட்டுகள் எதற்கென்று விளங்கியது. கனமான இரும்பு, மேலே வரிவரியாக மேடு. நேராக நெருப்புக் கிண்ணத்துக்கு மேலே அவற்றை வைத்து மூடிவிட்டால், இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் கறியை வைத்தால் மேடு பட்ட இடமெல்லாம் கருஞ்சிவப்பாகக் கோடு விழும்.

தேய்ந்த தட்டுகளை மாதிரியாக வைத்து வார்ப்பிரும்பில் புதிதாக இரண்டு செய்தார். மேடுகளைக் கிரைண்டிங் ஷாப்பில் கொடுத்துக் கண்ணாடி மாதிரித் தேய்க்க வைத்தார். ராக்கெட்டுக்கு அவ்வளவு துல்லியம் பார்ப்பார்களா என்று எனக்குத் தெரியாது. கேன்டீனில் அவற்றுக்குக் கோட்டுத் தட்டு என்று பேர் வந்தது.

கம்பெனிக் குடும்ப விழாவில் அரங்கேற்றம். தட்டு காய முக்கால் மணி நேரம் யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. கறியைத் துணியால் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். எண்ணெயைத் தட்டில் ஊற்றக் கூடாது, கறிமேல்தான் தடவ வேண்டும். வைத்த பிறகு அமுக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது, பக்கத்தில் நின்று பெருமூச்சு விடக் கூடாது. இரண்டு நிமிஷம் கழித்து கால் திருப்பு திருப்பினால் குறுக்குக் கோடு. பெரிய அதிகாரியின் மனைவி பசியில் மூடியைத் தொடப்போக, "திறந்தீங்கன்னா இன்னும் பத்து நிமிசம் லேட்டுங்க மேடம், உங்க இஷ்டம்" என்றார். அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோடு சரியில்லாத துண்டுகளைத் தொழிற்சாலை வழக்கப்படி சிவப்பால் அடையாளம் செய்து தனித்தட்டில் வைத்தார், தக்காளி சாஸால். ரிஜெக்ட் தட்டுதான் முதலில் காலியானது.

இப்படி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் பெர்சனல் ஆபீசர் ஸ்டெல்லாக்காவைக் கூப்பிட்டார். கேன்டீன் கான்ட்ராக்ட் மாதக் கடைசியில் முடிகிறது. பெங்களூரிலிருந்து வெள்ளைத் தொப்பி போட்ட கேட்டரிங் கம்பெனி ஒன்று வந்து பளபளவென்று புத்தகம் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. அடுத்த வாரம் வெளிநாட்டுக் கஸ்டமர்கள் நாலு பேர் வருகிறார்கள். அவர்களுக்கு அவர்கள் ஊர் முறையில் கிரில் செய்து போட முடிந்தால் இந்த அம்மாவே தொடரலாம், முடியாவிட்டால் தொப்பிக்காரர்கள். இட்லி, சாம்பார் போடுகிற கேன்டீனுக்குத் தேர்வு சாப்ஸில். நிர்வாகம் படித்தவர்கள் யோசித்தால் இப்படித்தான் யோசிப்பார்கள்.

ஸ்டெல்லாக்கா அழுது நான் பார்த்ததில்லை. அன்று வெங்காயம் இல்லாமலேயே கண் சிவந்திருந்தது. எட்டுப் பேரில் ஐந்து பேர் வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது என்று என்னிடம் சொன்னார். எதிர் பெஞ்சில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பர்னஸ் தலையைத் தூக்காமல், "சாப்ஸ் என் டிப்பார்ட்மென்ட்டு. நீ ரசத்தப் பாரும்மா, நேத்து தண்ணியா இருந்திச்சி" என்றார்.

ஒத்திகை பிரமாதம். ஸ்டெல்லாக்காவின் மசாலா, பர்னஸின் கோடு. ருசி பார்க்கும் கடினமான பொறுப்பு எனக்கு வந்தது, நான் எட்டு முறை நிறைவேற்றினேன். பர்னஸுக்குத்தான் திருப்தியில்லை. ஒரு தட்டின் ஓரத்தில் மேடு மயிரிழை உயரமாக இருக்கிறதாம். மறுபடி கிரைண்டிங் ஷாப்புக்குக் கொடுத்து வாங்கி வந்து, பொன்மாதிரிச் சுற்றி வைத்தார்.

விருந்து நாள். பகல் ஒரு மணிக்குச் சாப்பாடு. காலையிலேயே சாப்ஸை மெல்லிய சூட்டில் புகையூட்டி, பதினொன்றரைக்கு எடுத்து மூடி வைத்தாயிற்று. இனி கோடு போட வேண்டியதுதான் பாக்கி. பர்னஸ் தட்டுகளைச் சுற்றியிருந்த மஞ்சள் காகிதத்தைப் பிரித்து உள்ளே வைத்தார், முழுச்சூட்டுக்கு ஏற்றினார், மூடினார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலமாக ஒரு புகை கிளம்பியது.

ஸ்டெல்லாக்கா மூக்கைச் சுளித்தார். "ஏண்ணா, கிரைண்டிங் ஷாப் நாத்தம் வருது."

பர்னஸ் எண்ணைக் காட்டினார். எல்லாம் சரியாகத்தான் ஏறுகிறது என்றார். ஸ்டெல்லாக்கா கேட்கவில்லை. மூடியைத் திறந்து ஒரு சாப்ஸை வைத்து, எடுத்து, என் கையில் கொடுத்தார். கோடு அப்படி ஒரு கோடு, ஓவியம். கடித்தேன். லேத் மெஷினைக் கடித்த மாதிரி இருந்தது.

எங்கள் கம்பெனியில் கிரைண்டிங் முடிந்த எந்தப் பொருளும் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய்த் தொட்டியில் முக்கி, மஞ்சள் காகிதத்தில் சுற்றித்தான் வெளியே வரும். யாரும் யாரையும் கேட்பதில்லை, கை தானாகச் செய்யும். முதல் முறை ஸ்டெல்லாக்காவின் பெண்கள் தட்டுகளைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டதால் தப்பித்தோம். இந்த முறை காகிதத்தைப் பிரித்து நேராக அடுப்பில் வைத்தது பர்னஸ். நாக்கால் அறிய வேண்டியதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

மணி பன்னிரண்டே கால். சீயக்காய் போட்டுப் பார்க்கலாமென்றால் எண்ணெய் சூட்டில் பிசினாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்டெல்லாக்கா முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பர்னஸ் முதலில் அடுப்பைப் பார்த்தார், அப்புறம் அந்த அம்மாவைப் பார்த்தார்.

"எரிச்சாத்தான் போவும். ஐந்நூறு டிகிரி வேணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நடந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், ஓடினார்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முனிராஜு இரண்டு தட்டுகளையும் இடுக்கியால் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டார். பின்னால் நான். ஐந்நூறு டிகிரி இருக்கிற இடம் கம்பெனியில் ஒன்றே ஒன்றுதான், பதப்படுத்தும் பர்னஸ். அதற்குள் போகத் தயாராக, அப்போதுதான் எண்ணெயில் முக்கி எடுத்த ஷாஃப்ட்கள் ஒரு லோடு வாசலில் நின்றது. அவற்றை உடனே உள்ளே தள்ள வேண்டும். தாமதித்தால் உள்ளிருக்கும் இறுக்கத்தில் விரிசல் விடும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

அவர் லோடை ஓரமாக இழுத்து நிறுத்தினார். கதவைத் திறந்தார். கோட்டுத் தட்டுகளை உள்ளே வைத்துக் கதவை மூடினார்.

"அண்ணே, லோடு" என்றேன்.

"தெரியும். வாய மூடிக்கிட்டு மணிய பாரு" என்றார்.

இருபது நிமிஷம். மனிதர் மீட்டரைப் பார்க்கவே இல்லை, ஷாஃப்ட்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டுகள் சாம்பல் நிறத்தில் சுத்தமாக வெளியே வந்தன. முனிராஜு அவற்றைத் தூக்கிக்கொண்டு ஹாரன் அடித்தபடி தொழிற்சாலையின் நடுவே பறந்தார். எதிரே விருந்தாளிகளுக்கு இடம் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்த பெர்சனல் ஆபீசர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "ஊட்டக்கே சார், ஊட்டக்கே" என்று முனிராஜு கன்னடத்தில் சமாதானம் சொல்லிக்கொண்டே போனார். அனல் பறக்கும் இரும்பு சாப்பாட்டுக்குத்தான் போகிறது என்பதில் அந்த அதிகாரி என்ன ஆறுதல் அடைந்திருப்பாரோ தெரியவில்லை.

ஸ்டெல்லாக்கா பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, நல்லெண்ணெயில் தொட்டு, தோசைக்கல்லுக்குத் தேய்ப்பது போலத் தட்டுகளைத் தேய்த்தார். ஒத்திகையில் இதைச் செய்யக் கூடாது என்று அரைமணி நேரம் வாதாடிய பர்னஸ் இப்போது ஒதுங்கி வழிவிட்டார். தட்டு ஏற்கெனவே காய்ந்திருந்ததால் முக்கால் மணி நேரக் காத்திருப்பும் இல்லை. கறி விழுந்ததும் சொய்யென்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், ஸ்டெல்லாக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒரு மணி ஐந்துக்குச் சாப்ஸ் தட்டுகள் மேஜைக்குப் போயின. விருந்தாளிகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். பெர்சனல் ஆபீசர் அதைத் தானே சமைத்தது மாதிரி தலையசைத்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே கான்ட்ராக்ட் கையெழுத்தானது, இன்னும் மூன்று வருஷத்துக்கு. எட்டுப் பெண்களும் பர்னஸுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

ஸ்டெல்லாக்கா அவரிடம் கேட்டார், "உன் வேலைக்கு எதுவும் தொந்தரவு இல்லியேண்ணா?"

"என்னா தொந்தரவு? பர்னஸ் அந்நேரம் சும்மாத்தான் இருந்திச்சி. சும்மா இருக்கறதுல வெச்சி எடுத்தன், அவ்ளோதான்" என்றார். முந்திரி போதவில்லை என்று பொங்கலைக் குறை சொன்னார். முழுதும் சாப்பிட்டார்.

ஷாஃப்ட்களில் ஒன்பது விரிசல் விட்டிருந்தன. கம்பெனியின் விருந்தாளிகளுக்காகக் கம்பெனியின் பர்னஸை நிறுத்தியதற்குக் கம்பெனி அவருக்கு மெமோ கொடுத்தது. காரணம் கேட்ட இடத்தில், தன் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேன்டீன், சாப்ஸ், ஸ்டெல்லா என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த மாதம் ஃபோர்மேன் பதவி உயர்வுப் பட்டியலில் முதல் பெயர் அவருடையதாக இருந்தது. அது இல்லாமல் பட்டியலைத் திருப்பித் தட்டெழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். தட்டெழுதியது நான்.

நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று குதித்தேன். அவர் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"வேணாம் தம்பி. நீ ஆபீஸ்ல சொன்னா, கேன்டீனாலதான் லோடு போச்சின்னு அந்தம்மா தலையில கட்டுவானுங்க. அந்தம்மா கிட்ட சொன்னா, தெனம் எனக்குன்னு தனியா எதனா செஞ்சி ஊத்தும். என் வயிறு தாங்காது."

ஃபோர்மேன் ஆகாமலேயே அவர் ஓய்வு பெற்றார். கடைசி நாள்வரை அவரும் ஸ்டெல்லாக்காவும் ரசத்துக்காகச் சண்டை போட்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்து, வாய்வரை வந்ததைச் சாதத்தோடு விழுங்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் நானும் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டேன்.

சொல்லாதே என்று அவர் சொன்னதை இப்போது இத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன். படித்தால் சண்டைக்கு வருவார். வரட்டும், அந்த முகத்தைப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று, எனக்கும் ஏக்கமாக இருக்கிறது. கேன்டீனை விட்டபிறகு ஸ்டெல்லாக்கா கிருஷ்ணகிரியில் மகள் வீட்டில் இருக்கிறாராம், இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாங்குகிறாராம். அந்த தைரியத்தில்தான் எழுதினேன்.

அக்கா, அன்றைக்கு அவருடைய பர்னஸ் சும்மா இல்லை.